நெஞ்சுவலிக்கு வீட்டில் எது இருக்கட்டும்: டிஸ்பிரினா, ஈகோஸ்பிரினா, மூணு மாத்திரை கவரா?

"அவசரத்துக்கு இருக்கட்டும், ஹார்ட் அட்டாக் மாத்திரை ஒரு அட்டை குடு தம்பி" என்று கேட்டு வருகிறவர்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் மெடிக்கலுக்குப் புதிதல்ல. தெரிந்தவர் ஒருவர் வாக்கிங் போன இடத்தில் சுருண்டு விழுந்தார் என்று தெருவில் செய்தி பரவினால் போதும், அடுத்த சில நாளைக்கு இதே பேச்சுதான். சிலர் செல்போனை நீட்டி வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டுவார்கள். ஒரு படத்தில் டிஸ்பிரின் இருக்கும், இன்னொன்றில் ஈகோஸ்பிரின் 75. வேறொன்றில் மூன்று மாத்திரைகளை ஒரே கவரில் போட்டு, சில ரூபாயில் உயிரைக் காப்பாற்றலாம் என்று எழுதியிருக்கும். இதில் எதை வாங்குவது என்ற குழப்பம் நியாயமானது. எதை விற்றாலும் எனக்குச் சில்லறைக் காசுதான் என்பதால் ஒளிக்காமல் சொல்ல முடிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரே ஒரு மாத்திரைதான் வைக்கப் போகிறீர்கள் என்றால், மேல்பூச்சு இல்லாத, 300 மில்லிகிராமை ஒட்டிய ஆஸ்பிரின் வையுங்கள். நம் ஊர்க் கடைகளில் அது சுலபமாகக் கிடைப்பது டிஸ்பிரின் என்ற பெயரில். ஆனால் அட்டையைத் தேடுவது 108-க்குப் போன் போட்ட பிறகு. இந்த வரிசை மாறினால் எந்த மாத்திரை என்ற ஆராய்ச்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆஸ்பிரின் அங்கே என்னதான் செய்கிறது? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்பு எங்கோ ஓரிடத்தில் வெடிக்கிறது. காயம் பட்டுவிட்டது என்று நினைத்து பிளேட்லெட்டுகள் அங்கே ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. டெங்கு வந்தால் எண்ணிக்கை குறைந்துபோச்சு என்று பயப்படுவோமே, அதே பிளேட்லெட்தான். வந்தவை துராம்பாக்சேன் என்ற பொருளைச் சுரந்து மற்றவற்றையும் கூப்பிடுகின்றன. கூட்டம் சேர்ந்து ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பை நிறுத்துகிறது. ஒருமுறை நிறுத்தினால் அந்த பிளேட்லெட் இருக்கும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அது திரும்ப எழுந்திருக்காது. ஆஸ்பிரின் இந்த வகைச் சுரப்புகளைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன ஜான் வேன், வேறு இருவரோடு சேர்ந்து 1982-இல் நோபல் பரிசு வாங்கினார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆஸ்பிரின் உறைந்த கட்டியைக் கரைப்பதில்லை. மேலே மேலே வளராமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கரைக்கிற ஊசியும், கம்பி விட்டுத் திறக்கிற ஆஞ்சியோபிளாஸ்டி வசதியும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கின்றன.

இதற்கான பெரிய ஆதாரம் 1988-இல் வந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வு. மாரடைப்பு என்ற சந்தேகத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த 17,187 பேரில் ஒரு பாதிக்கு 162.5 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் ஒரு மாதம் கொடுத்தார்கள். ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9.4 சதவீதம், எடுக்காதவர்களில் 11.8 சதவீதம். இவ்வளவு மலிவான மாத்திரைக்கு இது மிகப் பெரிய பலன். அந்த ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோயாளிகளை விதவிதமாகக் கூறுபோட்டு முடிவு கேட்டால் எப்படிப்பட்ட அபத்தம் வரும் என்று காட்டுவதற்காக, ஆய்வாளர்களே ராசிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை என்று வந்தது! அது மேல்நாட்டு ராசிக் கணக்கு, நம் பஞ்சாங்கம் அல்ல. இருந்தாலும் துலா ராசிக்காரர்கள் பயப்படாமல் போட்டுக்கொள்ளலாம்.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின் எடுத்தவருக்கும், அரை நாள் கழித்து எடுத்தவருக்கும் கிடைத்த பலன் ஏறத்தாழ ஒரே அளவு. கட்டியைக் கரைக்கும் ஊசியோ அப்படியில்லை. மணி கடக்கக் கடக்க அதன் பலன் இறங்கிக்கொண்டே போனது. இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆஸ்பிரின் பத்து நிமிஷம் தாமதமானால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. ஊசியும் ஆஞ்சியோபிளாஸ்டியும் தாமதமானால் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி பதினொன்றரைக்கு பாதி இறக்கிய ஷட்டரைத் தட்டி "சார், ஒரு டிஸ்பிரின், சீக்கிரம்" என்று நிற்பார் ஒருவர். பைக்கின் பின்சீட்டில் அவருடைய அப்பா சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, மகன் தோளைப் பிடித்தபடி சாய்ந்திருப்பார். மாத்திரைக்காக அந்த வண்டி ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கு எதிராக வந்திருக்கும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பெரியவரை இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுவோம். வீட்டில் ஆஸ்பிரின் இல்லை என்றால் இல்லைதான், அதைத் தேடிக் கிளம்ப வேண்டாம். ஆம்புலன்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ கொடுத்துக்கொள்வார்கள்.

இனி டிஸ்பிரின், ஈகோஸ்பிரின் சண்டைக்கு வருவோம். இரண்டிலும் மருந்து ஒன்றுதான். டிஸ்பிரினில் 350 மில்லிகிராம் ஆஸ்பிரின் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும்படி சுண்ணாம்புச் சத்தும் சிட்ரிக் அமிலமும் சேர்த்திருக்கிறார்கள். ஈகோஸ்பிரின் 75, 150, 325 என்ற அளவுகளில் வருகிறது. தினமும் சாப்பிடுபவர்களின் வயிறு புண்ணாகாமல் இருக்க, இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும் மேல்பூச்சு பூசியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் தினமும் ஒன்று போடுகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு. நெஞ்சு அடைக்கும் நேரத்தில் அதுவே இடைஞ்சல். அப்படியே விழுங்கினால் மருந்து ரத்தத்தில் கலக்க மணிக்கணக்கில் ஆகலாம்.

மென்று தின்பதற்கும் விழுங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆரோக்கியமான சிலரிடம் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பூச்சில்லாத 325 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்றவர்களுக்கு துராம்பாக்சேன் பாதியாகக் குறைய 5 நிமிஷம் ஆனது. கரைத்துக் குடித்தவர்களுக்கு 8 நிமிஷம் வாக்கில். முழுசாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்களுக்கு 12 நிமிஷம். அதனால் டிஸ்பிரினையும் டம்ளர் தேடி, தண்ணீர் பிடித்து, கரையும்வரை கலக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாயில் போட்டு நன்றாக மென்று, பிறகு ஒரு மடக்குத் தண்ணீர். புளிப்பும் கசப்புமாக இருக்கும், நாக்கில் நுரைக்கும். பல் இல்லாத தாத்தாவுக்கு மட்டும் இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

"எங்க வீட்ல ஏற்கெனவே ஈகோஸ்பிரின் 75 இருக்கே, அது ஆகாதா?" ஆகும். பூச்சை உடைக்கிற வேலையைப் பல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 75 என்றால் நான்கு, 150 என்றால் இரண்டு, 325 என்றால் ஒன்று, எல்லாவற்றையும் மெல்ல வேண்டும். ஐசிஸ்-2 ஆய்விலேயே பூச்சுள்ள மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். முதல் மாத்திரையை மட்டும் மென்றோ பொடித்தோ எடுக்கச் சொன்னார்கள். ஆகவே ஈகோஸ்பிரின் இருக்கும் வீட்டுக்காரர் டிஸ்பிரினுக்காகக் கடைக்கு ஓட வேண்டாம். புதிதாக வாங்குபவர் டிஸ்பிரின் வாங்கட்டும், அதில் மாத்திரையை எண்ணும் குழப்பம் இல்லை. பதற்றத்தில் நான்கை எண்ணி எடுப்பது நினைப்பதுபோல் எளிதல்ல. ஒரு எச்சரிக்கை: ஈகோஸ்பிரின் ஏ.வி. என்று இன்னொன்று உண்டு. அதில் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்திருக்கும், கேப்சூலாக வரும். அவசரத்துக்கு அது தோதில்லை. அப்புறம், தலைவலி மாத்திரை எல்லாம் ஆஸ்பிரின் அல்ல. டோலோ, குரோசின் என்பவை பாராசிட்டமால், பிளேட்லெட்டை ஒன்றும் செய்யாது. புரூஃபென், வோவிரான் வகையறா வலியைக் குறைத்தாலும் மாரடைப்பு நேரத்தில் கெடுதல். அதிலும் புரூஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கக்கூடியது. அட்டையின் பின்னால் ஆஸ்பிரின் என்றோ அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்றோ இருக்கிறதா என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டைப் பற்றி என் கருத்து கடுமையானது. ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ளவர், டாக்டர் எழுதிக் கொடுத்து எப்படி வைப்பது என்று கற்றுக்கொண்டவர், அவர் வைத்துக்கொள்ளட்டும். மற்ற வீடுகளில் அது வேண்டாம். அது ரத்தக்குழாயை விரித்து வலியைத் தணிக்கும். கூடவே பிரஷரைச் சட்டென்று இறக்கும். இதயத்தின் வலது பக்கம் பாதிக்கும் வகை மாரடைப்பில் அந்த இறக்கமே ஆளைச் சாய்த்துவிடும், அது எந்த வகை என்று இ.சி.ஜி. எடுக்காமல் தெரியாது. ஆண்மைக்குறைவுக்கு சில்டெனாஃபில் எடுத்த ஒரு நாளைக்குள், தடாலாஃபில் எடுத்த இரண்டு நாளைக்குள் இதை வைத்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். அந்த மாத்திரை சாப்பிட்டதைப் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் எந்த மனிதர் வாய் திறந்து சொல்லப்போகிறார்? ஆஸ்பிரினுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், உயிரைக் காத்ததற்கான அழுத்தமான ஆதாரம் ஆஸ்பிரினுக்கு இருக்கிறது. சார்பிட்ரேட் பெரும்பாலும் வலிக்கான நிவாரணம்தான்.

சரி, மூன்று மாத்திரை கவர்? அதற்குப் பின்னால் உண்மையான மருத்துவம் இருக்கிறது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஒரே வேளையில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மொத்தம் 14 மாத்திரை. ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. எங்கள் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமங்களை நினைத்துப் பாருங்கள், பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்! ஆனால் அங்கே கொடுப்பது பயிற்சி பெற்ற ஒருவர். ஆளைப் பார்த்து, கேட்டு, என்ன கொடுத்தோம் என்று எழுதி அனுப்புகிறார். அதையே வீட்டு அலமாரியில் அரைகுறையாகச் செய்ய முயல்வதுதான் இந்த கவர். குளோபிடோக்ரெலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. வலி மாரடைப்பாக இல்லாமல் வேறாக இருந்தால் இரண்டு மருந்தின் ரத்தக்கசிவு அபாயமும் சேர்ந்துகொள்ளும். கொழுப்பு மாத்திரை முதல் பத்து நிமிஷத்தில் எந்த அற்புதமும் செய்யாது. சீட்டு இல்லாமல் இவற்றை நாங்கள் விற்கவும் கூடாது. வீட்டில் ஆஸ்பிரினோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைச் சுகாதார நிலையத்துக்கு விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால் இந்தத் தமிழகத் திட்டம் முள்ளோடை எல்லையோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் என்ன ஏற்பாடு என்று ஒருநாள் போய்க் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு ஆஸ்பிரினே கொடுக்கக் கூடாது என்பதை நெஞ்சு வலிக்கும்போது யோசிக்க முடியாது. இன்றைக்கே யோசித்து, வீட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே கொடுக்கலாம், கூடாது என்று எழுதி அந்த அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், வலி மாத்திரை போட்டால் இளைப்பு வருகிற ஆஸ்துமாக்காரர்கள், வயிற்றுப்புண் வெடித்து ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ போனவர்கள், மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள் எல்லோருக்கும் கூடாது. வால்வு ஆபரேஷன் ஆகி அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தப் பதிலை எழுதட்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு இருப்பவருக்கு டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது. குழந்தைகளுக்கு எந்தக் காய்ச்சலுக்கும் கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய்ஸ் நோய் வரக்கூடும்.

ஆஸ்பிரின் கொடுக்கக்கூடிய ஆளாகவே இருந்தாலும், வந்திருப்பது ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாத கோளாறாக இருக்கலாம். வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதம். அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கிழிக்கிற மாதிரி திடீரென்று உச்சத்தில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி, மகாதமனியின் சுவர் பிளப்பதாக இருக்கலாம், அதற்கும் கூடாது. எது என்று பிடிபடவில்லை என்றால் மாத்திரையை விட்டுவிட்டு, 108-இல் பேசுகிறவரிடம் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பிரின் கொஞ்சம் தாமதமாவது பெரிய நஷ்டமல்ல என்று மேலே பார்த்தோமே. நினைவு தப்பியவர் வாயில் எதையும் போட வேண்டாம். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவதுதான் மருந்து.

கேஸ் என்று நினைத்து நேரத்தைக் கடத்துவது நம் ஊரில் தீராத கதை. ஓமத்தண்ணீர், கோலி சோடா, ஜெலுசில், ஈனோ, அப்புறம் முதுகைத் தட்டிக்கொடுத்து ஏப்பம் வருகிறதா என்று காத்திருப்பது. நெஞ்சை அழுத்திப் பிசைகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்குவது என்றால் ஏப்பத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் வேர்வையும் அசதியுமாகவும் வரலாம். மாத்திரை போட்டதும் வலி கொஞ்சம் குறைந்தால், "பாரு, சரியாயிடுச்சு" என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. ஆஸ்பிரின் அந்த நேரத்து நெஞ்சுவலியைக் குறைக்கிற மருந்தே இல்லை. குறைந்தது தானாகக் குறைந்தது, திரும்ப வரலாம்.

எங்கே கொண்டுபோவது என்பதில் கடலூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும்போது, நேராக புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று காரைக் கிளப்புவார்கள். புதுச்சேரி 20 சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ஜிப்மர் ஊருக்கு அந்தப் பக்கம், கோரிமேட்டில். தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று போக வேண்டும். சனி ஞாயிறு என்றால் சுற்றுலா வண்டிகள் வேறு. வழியில் இதயம் நின்றால் காரில் இருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் இ.சி.ஜி., அது எங்கே சீக்கிரம் கிடைக்குமோ அங்கே. மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். குழாய் முழுசாக அடைத்திருக்கிறது என்று தெரிந்து, 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்துக்குப் போக முடியாது என்றால் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு அனுப்புவார்கள். ஆம்புலன்ஸில் போனால் இந்த முடிவைத் தெரிந்தவர்கள் எடுப்பார்கள். ஆஸ்பிரின் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த இடத்தில் இன்னொரு தடவை கொடுத்துவிடக்கூடும்.

புயல் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோதும், அடுத்த சில நாளில் தென்பெண்ணை பொங்கியபோதும் வண்டி நினைத்த நேரத்துக்கு வரும் நிலைமை இல்லை. வீட்டில் ஆஸ்பிரின் இருப்பதற்கு முழு அர்த்தம் அப்படிப்பட்ட ராத்திரிகளில்தான்.

வைக்கிற இடமும் முக்கியம். ஆஸ்பிரினுக்கு ஈரம் ஆகாது. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம்தான். அட்டையைக் கிழித்து மாத்திரையைத் தனியாக டப்பாவில் போட்டு வைத்தால் டிஸ்பிரின் கொஞ்ச நாளிலேயே மேலெல்லாம் பொரிந்து உதிரத் தொடங்கும். முகர்ந்து பார்த்தால் வினிகர் வாடை வரும், அது ஆஸ்பிரின் உடைந்து அசிட்டிக் அமிலம் பிரிந்த வாடை. அப்படி இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், காலாவதித் தேதி மிச்சம் இருந்தாலும் சரி. குளியலறை அலமாரியும் அடுப்பு மேடைக்கு மேலே உள்ள தட்டும் வேண்டாம். கூடத்தில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் அட்டையோடு இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது தேதி பார்த்து மாற்றினால் போதும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் வருகிற கேள்வி ஒன்று உண்டு: "அப்ப தினமும் ஒண்ணு போட்டுக்கிட்டா வராமலே தடுத்துடலாமே?" ஸ்டென்ட் வைத்தவர்களும் முன்பே மாரடைப்பு வந்தவர்களும் டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்கத்தான் வேண்டும், தாங்களாக நிறுத்தவே கூடாது. எதுவும் வராதவர்கள் கதை வேறு. பெரும்பாலும் 70 வயது தாண்டிய 19,114 பேரிடம் செய்த ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தினமும் 100 மில்லிகிராம் எடுத்ததால் மாரடைப்போ பக்கவாதமோ சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவுகள் மட்டும் கூடின. அதனால் அப்படிக் கேட்பவர்களுக்கு நான் ஈகோஸ்பிரின் அட்டையை எடுத்துத் தருவதில்லை. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சீட்டோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.